பூசணம் பிடித்த இரண்டு மூட்டை மல்லாட்டை

போன வாரம் நம் களத்தில் மல்லாட்டை உரிக்கும் மெஷின் ஓடும் படத்தைப் போட்டதும், "சார், மெஷின் வாங்கிட்டீங்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வாங்கவில்லை, வாடகைதான். இத்தனை வருஷம் ஆள் வைத்து உரித்தவன் ஏன் மாறினேன் என்பது கொஞ்சம் நீளமான கதை. அதில் என் தப்பும் இருக்கிறது.

போன வருஷம் ஆடிப் பட்டத்தில் போட்டதை ஐப்பசியில் பிடுங்கினோம். மறுநாளே மழை. மூன்று நாள் செடியோடு வயலில் கிடந்தது. பிறகு ஆய்ந்து, காய வைத்து, மூட்டை பிடித்தோம். உரிக்க வரும் பெண்கள் முந்தின இரவே காய் மேல் தண்ணீர் தெளித்து வைக்கச் சொல்வார்கள். ஓடு ஊறினால் விரல் நோகாது. படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு விரல்தானே முதல்? எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். நானும் தெளித்தேன். அந்த வாரம் தெருவில் ஒரு சாவு. யாரும் வேலைக்கு வரவில்லை. நனைத்த இரண்டு மூட்டையும் நாலு நாள் கட்டியபடியே கிடந்தன. அவிழ்த்தால் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி பறக்கிறது.

வீட்டில் முகம் சுளித்தார்கள். நான்தான், "இதைச் செக்குக்குப் போட்டுடலாம், புண்ணாக்கு மாட்டுக்கு ஆச்சு" என்றேன்.

அன்று சாயங்காலம் பழைய மாணவன் ஒருவன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். வேளாண்மைத் துறையில் இருக்கிறான். திண்ணையில் உட்கார்ந்தவன் ஒரு பருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இதை என்ன பண்ணப் போறீங்க?" என்றான். சொன்னேன். தயங்கித் தயங்கி, "வேண்டாம் சார், இதுல அஃப்ளாடாக்சின் இருக்கலாம்" என்றான். "வறுத்தா செத்துடும்பா" என்றேன். "பூஞ்சை செத்துடும் சார், அது விட்டுட்டுப் போற நஞ்சு சாகாது."

ரொட்டியில் பூஞ்சை வளர்த்து இவன் வகுப்புக்குக் காட்டியவன் நான்!

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்த கதையை அவன்தான் சொன்னான். காரணம் தேடியபோது தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றதாம். 1974இல் குஜராத், ராஜஸ்தான் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்திருக்கிறார்கள். வேறு தானியம் வாங்க வழியில்லாதவர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் ஈரலில் புற்றுநோய் வரலாம்.

நம் நாட்டுச் சட்டப்படி கடலையில் இது கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியே தின்னும் கடலை என்றால் 10தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து டன் லாரி நூறு, அதில் மொத்தம் 15 கிராம். அவ்வளவு சின்ன அளவுக்கு அவ்வளவு பயம். செக்கில் ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், வடிகட்டாத எண்ணெயிலும் கொஞ்சம் வரும். புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அதே நஞ்சு வேறு உருவில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது.

அந்தப் பாலைக் குடிப்பது யார்? என் பேத்தி. அதைக் கேட்ட பிறகு இரவு தூக்கம் வரவில்லை. முன் வருஷங்களில் இப்படி எத்தனை படி செக்குக்குப் போனதோ, கணக்கு வைக்கவில்லை.

மறுநாள் ஒரு வியாபாரி வந்தார். "எண்ணெய்க்குத்தானே சார், பாதி விலைக்குக் கொடுங்க" என்றார். கை கொஞ்சம் நீண்டது என்பதை மறைக்க மாட்டேன். விதை, உழவு, கூலி எல்லாம் கண் முன்னால் வந்தது. பிறகு அவரை அனுப்பிவிட்டு, கொல்லையில் ஆழக் குழி தோண்டி இரண்டு மூட்டையையும் கொட்டி மூடினோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான்.

இந்த வருஷம் பிடுங்கியதும் செடியைத் தலைகீழாக, காய் மேலே இருக்கும்படி அடுக்கினோம். தார்ப்பாய் கையோடு இருந்தது. குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போடும் வரை காய்ச்சல். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கினோம். தண்ணீர் தெளிப்பது அடியோடு நின்றது. அதற்குத்தான் மெஷின்.

மெஷின் என்றதும் உரிக்க வரும் ஓர் அம்மா, "அப்ப எங்களுக்கு வேலை இல்லியா வாத்தியாரே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது அவர்கள்தான் உரித்த பருப்பில் சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி குடைந்தது எல்லாம் பொறுக்குகிறார்கள், நாள் கூலிக்கு. நஞ்சு பெரும்பாலும் அந்தப் பருப்பில்தான் இருக்குமாம். என் கண்ணாடிக்குத் தெரியாதது அந்த அம்மா கண்ணுக்குத் தெரிகிறது. பொறுக்கியதை "ஆட்டுக்காவது கொடுங்களேன்" என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. அதில் கொஞ்சம் மனஸ்தாபம், இன்னும் தீரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள். உங்களுக்கென்று ஒரு மூட்டை தனியாக வைத்திருக்கிறேன்.