மறுபடியும் வள்ளி திருமணமா?

''ஏன் சார், உங்க ஊர்ல அதே வள்ளி திருமணத்தையே எத்தனை வருஷம்தான் போடுவாங்க? புதுசா ஒண்ணும் கிடைக்கலையா?''

எங்கள் ஊர்த் திருவிழா சமயத்தில் ஆபீஸில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர் யாரென்று பார்த்தால், பதினைந்து வருஷமாக அதே டிபன் பாக்ஸில் அதே தயிர்சாதம் கொண்டுவருகிற ஆசாமி!

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகம். வள்ளி கதை 1933-லும் 1945-லும் சினிமாவாகக்கூட வந்தாச்சு. அவள் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பின்னே எதற்கு விடிய விடிய கண் விழிப்பது?

அங்கேதான் சூட்சுமம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து 'ஸ்பெஷல் நாடக'த்துக்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது. ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள். மேக்கப் போடும்போதுதான் 'வணக்கம்ணே, சௌக்கியமா?' அப்புறம் நேரே மேடை! எல்லாருக்கும் கதையும் பாட்டும் மனப்பாடம் என்பதால்தான் வண்டி ஓடுகிறது.

ஆனால், நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தில் எந்தக் கேள்வி எங்கேயிருந்து பாயும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் வள்ளி போட்ட போட்டில், ''நாரதரே, மூட்டையைக் கட்டும்!'' என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கத்தினார். அடுத்த வருஷம் வேறு நாரதர். வள்ளி திணறிவிட்டாள். அதே பேட், அதே பந்துதானே என்று நாம் கிரிக்கெட் பார்க்காமலா இருக்கிறோம்?

நியூயார்க்கில் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' 1988 முதல் 2023 வரை 13,981 தடவை நடந்தது. அதைச் சொன்னால் 'அடேயப்பா!' என்கிறவர்கள், வள்ளி என்றால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்.

இன்னொன்று. திருவிழா சீஸன் சில மாதம்தான். அந்த வரும்படியில்தான் நடிகர் வீட்டில் வருஷம் பூரா அடுப்பு எரியணும். 'புதுசா போடு' என்கிறவர்கள், ஒத்திகை நாட்களுக்குச் சம்பளம் யார் தருவது என்று சொல்வதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள முடியாது. சுவாமிகள் பாட்டை இரண்டு வரியில் முடித்துவிட்டு, சினிமாப் பாட்டும் இரட்டை அர்த்த வசனமுமாக ஒரு மணி நேரம் இழுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழசு அலுக்காது சார். பழசை அரைகுறையாகச் செய்தால்தான் அலுக்கும்.

அப்புறம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் சுவாமிகள் எழுதியதுதானே? எப்போதாவது அதில் ஒன்றைப் போட்டால் என்ன? அந்தப் பாட்டுகள் தெரிந்தவர்கள் இருக்கும்போதே போட்டால்தானே அடுத்த தலைமுறைக்கு வரும்?

எங்கள் ஊர் விழாக் கமிட்டித் தலைவரிடம் இதைச் சொன்னேன்.

''பேஷா போடலாம் தம்பி! ஆனா, வள்ளி திருமணம் இல்லேன்னா ஊர் ஒத்துக்காது. அது ஒரு ராத்திரி, பவளக்கொடி ஒரு ராத்திரி. ரெண்டாவது ராத்திரி செலவை நீங்க பாத்துக்குங்க!''

நோட்டுப் புத்தகம் வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, வசூலை ஆரம்பித்துவிட்டேன். தயிர்சாதக்காரர் பேரில் நூறு ரூபாய் எழுதியாச்சு.

உங்கள் பேரில் எவ்வளவு எழுதட்டும்?