பெயர் சிங்கப்பூர், நேரம் திருச்சி

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த அலுவலகம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் 60 ரூபாய் கேட்டார், நடந்தேன். வழியெல்லாம் லேத் பட்டறை இரைச்சல், கட்டிங் ஆயில் வாசனை. முனைக்கடையில் டீ 15 ரூபாய், சர்க்கரை கொஞ்சம் தூக்கல். இரண்டாம் மாடியில் கதவைத் தள்ளியதும் முகத்தில் ஏசிக் காற்று அடித்தது. சின்னதாக ஓர் இன்டர்நெட் நிறுவனம். சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கும் சில ஆயிரம் வீடுகளுக்கும் லைன் கொடுக்கிறார்கள்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளருக்கு முப்பது வயது இருக்கும். “அமெரிக்கா போற ட்ராஃபிக் எல்லாம் நேரா சிங்கப்பூர் போயிடும் சார். அங்கிருந்து பசிபிக்கைத் தாண்டி லாஸ் ஏஞ்சல்ஸ். அப்ஸ்ட்ரீம்ல அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க” என்றார். நம்பக்கூடிய பேச்சுதான். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் 2002லேயே வந்துவிட்டது, நீளம் சுமார் 3,200 கி.மீ. ஆனால் எழுதிக் கொடுத்ததைப் படிக்க நான் வரவில்லை. பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

லேப்டாப்பை அவர்கள் சுவிட்சில் செருகிக்கொண்டேன். பயன்படுத்தியது ஸ்கேம்பர். நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் மேத்யூ லக்கி எழுதத் தொடங்கிய அளவீட்டுக் கருவி இது. கலிஃபோர்னியாவின் கைடா ஆய்வு மையம் 2007 முதல் ஆர்க் என்ற பெயரில் உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவீட்டுப் பெட்டிகளில் ஓடுவதும் இதுதான். விலை கிடையாது. சான் டியாகோவில் உள்ள ஒரு பல்கலைக்கழக முகவரியைக் கொடுத்து, பாரிஸ் டிரேஸ்ரூட் முறையில் அனுப்பச் சொன்னேன். சாதாரண டிரேஸ்ரூட்டில் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பும் கொஞ்சம் மாறும். நடுவில் சுமையைப் பிரிக்கும் ரவுட்டர் இருந்தால் ஒன்றை இந்தப் பக்கமும் அடுத்ததை அந்தப் பக்கமும் தள்ளிவிடும். கடைசியில் இல்லாத ஒரு பாதை திரையில் வந்து நிற்கும். பாரிஸ் முறை தலைப்பை மாற்றாமல் வைத்திருப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

சில நொடிகளில், ஸ்கேம்பர் தன் முடிவுகளை எழுதும் வார்ட்ஸ் கோப்பு தயார். நோட்பேடில் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பைதான் தெரியும், ஏனென்றால் அது பைனரி. ஹெக்ஸில் திறந்தேன். முதல் இரண்டு பைட் 12 05. அடுத்த இரண்டு 00 01, அதாவது பட்டியல் பதிவு. இன்னும் கொஞ்சம் கீழே மறுபடியும் 12 05, பக்கத்தில் 00 06. அங்கேதான் டிரேஸ் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பதிவும் இந்த 1205 என்ற முத்திரையோடுதான் தொடங்கும். பிறகு வகை, அதன்பின் நீளம். மனிதக் கண்ணுக்கு இதற்குமேல் ஓடாது. மீதியைப் படிக்கத்தான் லைப்ரரி.

ஸ்கேம்பருக்கான பைத்தான் லைப்ரரியை வைத்துப் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினேன். கோப்பைத் திற, டிரேஸ் வகையை மட்டும் எடு, ஒவ்வொரு ஹாப்பாக, அதாவது வழியில் வரும் ஒவ்வொரு ரவுட்டராக, முகவரியையும் பெயரையும் போய்வந்த நேரத்தையும் அச்சிடு. பதில் தராத ஹாப் வந்தால் கையில் ஒன்றும் கிடைக்காது; அதைச் சோதிக்காமல் நேரத்தைக் கேட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே விழுந்துவிடும். என் பங்குக்கு ஒரு பத்தி சேர்த்தேன்: அதிகபட்சத் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்வர ஒரு மில்லிசெகண்ட் ஆனால், அந்த ரவுட்டர் 100 கி.மீ.க்கு மேல் இருக்க வழியில்லை.

முதல் ஹாப் 0.4 மில்லிசெகண்ட். எதிர் ரேக்கில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்த ரவுட்டரேதான். இரண்டாவது, மூன்றாவது ஊருக்குள்ளேயே. நான்காவது ஹாப்பின் பெயரில் ‘சின்’ என்ற எழுத்துகள் இருந்தன. “பாத்தீங்களா சார், சிங்கப்பூர்” என்றார். நேரத்தைக் காட்டினேன்: 3.1. அதிகபட்சம் 310 கி.மீ. நேர்க்கோட்டில் போனாலும் திருச்சி வரைதான். சிங்கப்பூர் 2,900 கி.மீ. யாரோ பழைய ரவுட்டருக்கு வைத்த பெயரை மாற்றாமல் விட்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது 24.2. இதுவும் சிங்கப்பூராக இருக்க முடியாது, 2,420 கி.மீ.யில் வரம்பு முடிந்துவிடுகிறது. பெயரில் ‘மும்’ என்று இருந்தது. ஆனால் ஒரு வரிக்கு முன்னால்தானே பெயர் பொய் சொன்னது? மும்பையில் அவர்களுக்கு ஒரு சர்வர் இருந்தது. அங்கிருந்து அந்த முகவரிக்குப் பிங் போடச் சொன்னேன். 0.9. மும்பைதான். கிழக்கே போக வேண்டிய பாக்கெட் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போயிருக்கிறது. பொறியாளர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறு, ஏழு, எட்டு மூன்றும் 236ஐ ஒட்டியே இருந்தன. சட்டென்று பார்த்தால் மும்பைக்கு அடுத்த அடியே கடல் கடந்தாயிற்று என்று தோன்றும். ஸ்கிரிப்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்து, பதிலோடு ஒட்டிவந்த கூடுதல் தகவலையும் அச்சிட்டேன். மூன்றிலும் எம்பிஎல்எஸ் லேபிள். அப்படியென்றால் இது சுரங்கப்பாதை: உள்ளே பாக்கெட்டின் ஆயுள் முடிந்தாலும், முடிந்ததென்ற தகவல் சுரங்கத்தின் கடைசிவரை போய்த்தான் திரும்பும். ஆறாவது ரவுட்டர் மும்பையிலேயே இருந்தாலும் 236தான் காட்டும். விண்டோஸின் டிரேசர்ட் இந்த லேபிளைக் காட்டவே காட்டாது. வார்ட்ஸ் கோப்பு அதை எழுதி வைத்திருக்கிறது, கேட்டால் லைப்ரரி எடுத்துக் கொடுக்கிறது. வந்ததற்கு இது ஒன்றே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவதில் லேபிள் இல்லை. 237, பெயரில் லாஸ் ஏஞ்சல்ஸ். இங்கே என் தூரப் பத்தி 23,700 என்று காட்டியது. பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே தூரம் 20,000 கி.மீ.க்கு மேல் பெரிதாகப் போகாது. 200 மில்லிசெகண்டைத் தாண்டினால் அந்த விதிக்குப் பல் இல்லை. ஆகவே நடுவில் சிங்கப்பூரைத் தொட்டதா, ஐரோப்பா வழியாகச் சுற்றியதா என்று இந்தக் கோப்பை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். “சிங்கப்பூர்னு போட்டுக்கலாமா சார்?” என்றார். “மும்பைனு போடுங்க. அது கண்ணால பாத்தது” என்றேன்.

பத்தாவது 240. அதற்குப்பின் ஐந்து ஹாப் மௌனம். ஸ்கேம்பர் அத்தோடு நிறுத்திக்கொண்டது. நிறுத்தியதற்கான காரணமும் கோப்பில் இருந்தது: போய்ச் சேர்ந்ததால் அல்ல, இடைவெளி வரம்பு தாண்டியதால். “அப்போ ரீச் ஆகலையா?” என்று கேட்டார். அதே முகவரியைப் பிரவுசரில் போட்டேன். பக்கம் உடனே திறந்தது. அங்கே ஃபயர்வால் பதில் சொல்ல விடவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கிரிப்டைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டார். சென்னையில் கொடுக்கும் ட்ராஃபிக் ஏன் மும்பை போகிறது என்று கேட்டு அப்ஸ்ட்ரீம் நிறுவனத்துக்கு அப்போதே ஒரு டிக்கெட் போட்டார். ஸ்கிரீன்ஷாட் வைக்கவில்லை, வார்ட்ஸ் கோப்பையே இணைத்தார். அதைத் திறக்கத் தெரிந்த ஆள் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.