மருமகன் வாங்கிய பழைய போர்ஷே

2016ஆம் ஆண்டு கோடைகாலத்தில் ஒரு மாத விடுமுறையில் இலண்டன் சென்றிருந்தேன். போய் இறங்கிய அன்றிரவே அக்கா என்னைக் குசினிக்குள் அழைத்து, குரலைத் தாழ்த்தி ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்.

"இவன் போர்ஷே கார் வாங்கப்போறானாம். தகப்பன் விட்டிட்டுப்போன காசிலை. நான் சொன்னாக் கேக்கிறானில்லை. நீ பேப்பரிலை ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுறனி, இவனுக்கும் ஒருக்காச் சொல்லு."

அத்தான் காலமாகி அப்போது இரண்டு வருடங்கள். தொண்ணூறுகளில் இலண்டன் வந்த எம்மவர் பலரைப் போலவே அவரும் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்து குடும்பத்தை நிமிர்த்தியவர். அவருடைய சேமிப்பில் மகனுக்கென வந்த பங்கு பதினைந்தாயிரம் பவுண். அதை ஒரு விளையாட்டுக் காரில் கொட்டப்போகிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது?

மறுநாள் மருமகனிடம் கதையைத் தொடங்கினேன். அவன் கோபப்படவில்லை.

"மாமா, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோற நாளிலை ஒரு கறுப்புப் போர்ஷே அங்கை வரும். அது வந்தா அப்பா கண்ணாடிக்குள்ளாலை எனக்குக் கைகாட்டிக் கூப்பிடுவார், வந்து பாரடா எண்டு. அவருக்குத்தான் முதல்லை ஆசை. அம்மாவுக்கு அது தெரியாது."

அதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்குவதைத் தடுக்க வந்தவன், பிழையானதை வாங்கவிடாமல் தடுப்பதே என் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் தேடியது 911 வரிசையில் 996 என்ற இலக்கமுடைய தலைமுறை. 1997இல் அறிமுகமாகி 2005 வரை தயாரிக்கப்பட்டது. 1963இல் தொடங்கிய 911 வரிசையில் நீரால் குளிரூட்டப்படும் எஞ்சினோடு வந்த முதலாவது தலைமுறை இதுதான். அதனாலும், பொரித்த முட்டை என்று கேலி செய்யப்பட்ட முன்விளக்குகளாலும், பழைய ரசிகர்கள் இதனை ஒதுக்கினார்கள். எனவேதான் சாதாரண மனிதன் நினைத்துப் பார்க்கக்கூடிய விலைக்கு இது இறங்கி வந்தது. 2002ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து 3.6 லீற்றர் எஞ்சின், 320 குதிரைவலு, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை ஐந்து செக்கன்களில் எட்டும்.

ஆனால் விலை இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த எஞ்சினின் உள்ளே, கீழ்த்தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்குக் கடத்தும் ஓர் இடைத்தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பெயரிங். அது உடைந்தால் பிஸ்ரனும் வால்வும் மோதி முழு எஞ்சினுமே நாசமாகலாம். மாற்று எஞ்சினுக்கான செலவு, அந்நாளில் காரின் விலையையே விழுங்கக்கூடியது. 2001 முதல் 2005 வரையான மாதிரிகள் தொடர்பாக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கொன்று 2013இல் சமரசத்தில் முடிந்தது. பெரும்பாலான கார்களில் இந்தப் பெயரிங் உடைவதில்லை என்பதும் உண்மை. வாங்குபவனுக்குத் தன் கார் எந்தப் பக்கம் என்று தெரியாது என்பதே பிரச்சினை.

முதலில் பார்க்கப் போனது ஒரு விற்பனையாளரிடம். சிவப்பு நிறம். 2003இல் பதியப்பட்டது. ஓடியதோ வெறும் 41,000 மைல். வயதானவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டியதாம். மருமகன் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்ததும் அவன் முகம் பத்து வயதுப் பையனின் முகமாகியது. முற்பணம் கட்டுவதற்கு அட்டையைக் கையில் எடுத்துவிட்டான்.

காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் திகதிகளைப் பார்ப்பது என் தொழில். சேவைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். கடைசி முத்திரை 2009. குனிந்து ரயர்களைப் பார்த்தேன். பூக்கள் தேயாமல் புத்தம் புதிதாகவே இருந்தன. ஆனால் ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதில் இருந்தது 2307. அதாவது 2007ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒன்பது வயது ரயர் தேயவில்லை என்றால் கார் ஓடவில்லை என்பதுதானே பொருள்?

பிரித்தானியாவில் மூன்று வயது கடந்த கார்கள் வருடாந்தம் எம்.ஓ.ரி என்ற தகுதிப் பரிசோதனைக்குப் போகவேண்டும். அதன் பெறுபேறுகளையும் அன்றைய மைல் கணக்கையும் அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மருமகன் கைபேசியில் தேடினான். 2009இல் 39,800 மைல். அடுத்த பரிசோதனை 2015இல், 40,700 மைல். இடையில் ஆறு வருடம் வெற்றிடம். மைல் கணக்கில் பொய் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கதை பொய்.

எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நாங்கள் வருமுன்பே யாரோ அதை ஓடவிட்டுச் சூடாக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் நிமிடத்தில் போடும் சத்தம்தான் அதன் உண்மையான வாக்குமூலம்.

"குறைய ஓடின கார்தானே மாமா, அது நல்லதில்லையோ?" என்றான்.

அப்போதுதான் அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 ஞாபகத்துக்கு வந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தின் பழைய கார்கள் எப்படி ஓடின என்பதை எங்கள் தலைமுறை மறக்காது. கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது எங்களிடம் மண்ணெண்ணெயும் இருக்கவில்லை. அப்பா காரைக் கொட்டிலுக்குள் விட்டு, சாக்கால் மூடிவிட்டு எங்களோடு தென்மராட்சிக்கு நடந்தார். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை பாதி இல்லை. கார் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. அப்பாவின் கண்கள் கலங்கிவிட்டன. ஆனால் எஞ்சின் அசையவில்லை. பிஸ்ரன்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன. பார்க்க வந்த மெக்கானிக் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை:

"ஐயா, ஓடியிருந்தால் பிழைச்சிருக்கும். நிண்டதாலைதான் செத்தது."

அதே இடப்பெயர்வில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கித் தேய்ந்த அயல்வீட்டு ஏ-40 அதன் பின்னரும் பல வருடங்கள் வாடகைக்கு ஓடியது. அப்பா தன் காரைப் பிறகு ஓட்டவேயில்லை.

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். அவன் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தான். திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இரண்டு வாரங்களின் பின் பார்த்தது வெள்ளி நிறக் கார். 98,000 மைல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. இருக்கைத் தோல் வெடித்திருந்தது. ஆனால் மேசையில் தடித்த கோப்பு ஒன்றை வைத்தார். ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் பற்றுச்சீட்டு. 2012இல் கிளச் மாற்றியபோது அந்த இடைத்தண்டுப் பெயரிங்கையும் மாற்றியதற்கான பில். கியர்ப்பெட்டியைக் கழற்றினால்தான் அதை எட்டலாம் என்பதால் இரண்டையும் ஒன்றாகச் செய்வதே புத்திசாலித்தனம். எஞ்சினின் பின் சீலில் சற்று ஒயில் கசிகிறது என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். குறையைத் தானாகச் சொல்பவரின் மற்றச் சொற்களையும் நம்பலாம் என்பது செய்தி சேகரிப்பில் நான் கற்ற பாடம்.

ஆனாலும் நம்பிக்கை மட்டும் போதாது. இந்தக் கார்களையே பழுதுபார்க்கும் ஒரு கராஜில் பணம் கட்டிப் பரிசோதித்தோம். சிறு கமராவை உள்ளே விட்டு, சிலிண்டர் சுவர்களில் கீறல் உண்டா என்று பார்த்தார்கள். எஞ்சினின் கணினியில், பிழையான கியர் மாற்றத்தால் எல்லை மீறிச் சுழன்ற பதிவு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இரண்டும் சுத்தம். விலை பன்னிரண்டாயிரம் பவுண். மீதி மூவாயிரத்தைத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வைக்கவேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை.

அக்கா என்னோடு பேசாமலே என்னை விமான நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். ஆறு மாதம் தொலைபேசி எடுக்கவில்லை. ஒருநாள் இரவு அவராகவே எடுத்தார்.

"தம்பி, இண்டைக்கு என்னை அந்தக் காரிலை ஏத்திக்கொண்டு போனவன். அத்தான் வேலை செய்த இடத்துக்கு. அங்கைதான் பெற்றோல் அடிச்சவன்." சற்று நேரம் மௌனம். "அந்த மனுசன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

கார் இன்றும் அவனிடம் இருக்கிறது. மழையோ வெயிலோ, வாரத்துக்கு ஒருமுறையாவது அதை ஓடவிடுகிறான். ஏன் என்று யாராவது கேட்டால், தான் கண்ணாலும் காணாத ஓர் ஒஸ்ரின் ஏ-40இன் கதையைச் சொல்கிறானாம்.