தென்னங்கட்டையில் ஒரு கொலுப்படி

ஐப்பசி 5

காலையில் மழை விட்டதும் சித்தப்பாவின் தோப்புக்குப் போனேன். பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுத்துத் தள்ளிய பிறகும் சில அடிக்கட்டைகள் மண்ணிலேயே நிற்கின்றன. அவற்றின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மரக்காளான், அரைவட்டமாக. மேல்பக்கம் கருஞ்சிவப்பு, யாரும் தேய்க்காமலே மெருகேறியது. விளிம்பு வெள்ளை. அடிப்பக்கத்தில் நகத்தால் கீறினால் கோடு உடனே பழுப்பாகிறது. இதன் உறவுக்கார இனமான கனோடெர்மா அப்ளனாட்டத்தின் அடிப்பக்கத்தில் இப்படியே கீறிப் படம் வரைபவர்கள் அமெரிக்காவில் உண்டு.

எனக்குப் படம் வேண்டாம். கொலுவில் பார்க் வைக்கிறோமே, அந்த மலைக்குப் படிகள் வேண்டும். தெர்மகோலை வெட்டிப் பச்சை பூசிப் பூசி அலுத்துவிட்டது.

"ஏம்மா, மரத்தைத் தின்ன சனியனை வீட்டுக்கா எடுத்துக்கிட்டுப் போறே?" என்றார் சித்தப்பா.

அவர் கோபம் நியாயம். தஞ்சாவூர் வாடல் நோய் என்று ஊர்ப்பெயரோடு புத்தகத்தில் ஏறிவிட்ட நோய் இது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கடுமையாகத் தலைகாட்டியது. பூசணம் வேர்வழியே ஏறி அடித்தண்டை அழுக வைக்கும், தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடியும், மட்டைகள் தொங்கும். காளான் வெளியே தெரிவது பெரும்பாலும் கடைசியில்தான். அதை மட்டும் வெட்டி எடுத்தால் மரம் பிழைக்காது, பூசணம் உள்ளேதான் இருக்கிறது. சித்தப்பா நிற்கும் மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு வைக்கிறார், போர்டோ கலவை ஊற்றுகிறார். கட்டைகளைத் தோண்டி எரிக்க ஆள்தான் கிடைக்கவில்லை.

நான் எடுத்ததை அங்கேயே பாலித்தீன் பையில் கட்டினேன். மேலே படிந்திருக்கும் பழுப்புத் தூள் அதன் வித்து. அதை இன்னொருவர் தோப்பில் உதறிவிட்டு வரக்கூடாது. அரிவாளையும் கழுவிவிட்டுத்தான் வண்டியில் வைத்தேன்.

ஐப்பசி 6

முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தூளைத் தட்டினேன். தண்ணீரில் கழுவவில்லை; இருக்கிற ஈரமே போதாதா?

காளானைக் கெடுப்பது அழுகல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மரக்காளான் ஏறக்குறைய மரமேதான், அவ்வளவு சீக்கிரம் அழுகாது. எதிரி உள்ளே இருக்கிறது: கடுகைவிடச் சிறிய வண்டு, அதன் புழு. காய்ந்த மரக்காளானையே வீடாகக் கொண்ட வண்டுக் குடும்பம் ஒன்று தனியாக உண்டு. போதாக்குறைக்கு, நம் வீட்டு மஞ்சளிலும் மல்லியிலும் விழும் வண்டும் இதை விடாது. அதனால் மூடிய பையோடு ஃப்ரீசரில் ஒரு வாரம். மீன் தட்டுக்குப் பக்கத்தில் எதை வைத்திருக்கிறாய் என்று வீட்டில் கேள்வி வந்தது. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்தானே, 5,000 ஆண்டுக்கு முந்தைய மனிதன், அவன் உடைமைகளில் தோல்வாரில் கோத்த மரக்காளான் துண்டுகள் இருந்தன. அவனுக்குப் பனி, எனக்கு ஃப்ரீசர் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஐப்பசி 15

அடைமழை. வெயிலை நம்பிப் பயனில்லை. அட்டைப்பெட்டியில் ஓட்டைகள் போட்டு, உள்ளே 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, கம்பி வலைமேல் காளான்களைப் பரப்பியிருக்கிறேன், பல்புக்கு எட்டாத தூரத்தில். ஆள் இருக்கும்போது மட்டும் எரிய விடுகிறேன். மைக்ரோவேவ் கூடாது, சூடு சீராகப் பரவாது. வீடு முழுக்க மழைக்கால விறகுக்கொட்டகை வாசனை.

கார்த்திகை 3

காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துத் தெரியாது. சமையலறைத் தராசுதான் சாட்சி. எடை இறங்குவது நின்றால் காய்ந்தது. மெல்லியவை நின்றுவிட்டன, தடித்த ஒன்று இன்னும் இறங்குகிறது. அதன் அடியில் வெளிர்நிறப் பொடி குவிந்தால் வண்டு உயிரோடிருக்கிறது என்று பொருள், மறுபடி ஃப்ரீசர். வித்து கரும்பழுப்பு, வண்டுப்பொடி வெளிர், குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

கார்த்திகை 10

கொல்லையில் கிடந்த மாங்கட்டையில் நரைத்த சிறு விசிறிகள். ஸ்கிசோஃபில்லம் என்ற காளான். காய்ந்தால் விளிம்பு உள்ளே சுருளும். ஈரம் பட்டால் மறுபடி விரியும். இது சாகவில்லை, காத்திருக்கிறது. காய வைத்துக் குழாயில் மூடிய துண்டுகள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உயிர்த்த கதை உண்டு. ஆகவே இதை ஒட்டத் தண்ணீர்க் கோந்து உதவாது. சூடாக உருக்கி ஒட்டும் பசைதான்.

மார்கழி 8

தச்சர் பாலிஷ் டப்பாவோடு வந்தார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. "ஒரு கோட்டு அடிச்சா கண்ணாடி மாதிரி நிக்கும்மா" என்றார். அவர் கைத்தொழிலுக்கு மரியாதை வைத்துத்தான் மறுத்தேன். பிறவியிலேயே மெருகோடு வந்ததற்கு மேல்மெருகு எதற்கு? அடிப்பக்க வெளுப்பும் பாலிஷ் பட்டால் கறுத்துவிடும். தோப்பிலிருந்து பெயர்த்த இடத்தில் மட்டும் உதிராமலிருக்க அவரையே தொடச் சொன்னேன்.

தை 4

கைத்துரப்பணத்தால் பின்பக்கம் துளையிட்டு, மூங்கில் குச்சி செருகி, பலகையில் நிறுத்தியாயிற்று. தக்கைபோல் மென்மையாகத் துளை விழுகிறது, அழுத்தினால் பிளக்கும். நவராத்திரிவரை டப்பாவில், வேப்பிலையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு. வேப்பிலை அம்மாவுக்காக; வேலை செய்வது பொட்டலம். தசாவதார வரிசையில் சிறியவர்கள் ஏறிவிடுவார்கள், மச்சமும் கூர்மமும் சோதித்தாயிற்று. செட்டியார் மண்பொம்மையை இது தாங்காது. அவர் எப்போதும்போல் கீழ்ப்படியிலேயே கடையை விரிக்கட்டும்.