சும்மா ஒரு ரவுண்டு

சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களிடம் நல்ல வழி எது என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். லாரி வராத ரோடு, மெல்ல ஏறி இறங்கும் மேடு, ரெண்டு பக்கமும் மரம், ஆள் நடமாட்டம் குறைவு. அந்தக் கடைசி விஷயத்தில்தான் நமக்குச் சிக்கல். "ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல போகாத" என்று கேட்டு வளராத பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒருவருக்கு நிம்மதி தரும் அதே அமைதியைப் பார்த்துத்தான் இன்னொருவர் கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் ஊர் மம்சாபுரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் சிமெண்ட் வண்டியும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை விட்டு மலைப்பக்கம் திரும்பிவிட்டால் சத்தம் குறைந்துவிடும். கண்மாய்க்கரை, நெல் வயல், தென்னந்தோப்பு, அதைத் தாண்டி மாந்தோப்பு என்று வரிசையாக வரும். பஸ்ஸில் போகிறவர்கள் அந்த ரோட்டைச் சமமானது என்றுதான் நினைப்பார்கள். மிதித்தால்தான் அது மலையை நோக்கி ஏறுகிறது என்று தொடைக்குத் தெரியும். ஓடைகளைக் கடக்கிற தரைப்பாலங்களில் சர்ரென்று இறங்கும், அடுத்த நொடியே மூச்சு வாங்க ஏற்றும்.

காலையில் மேற்கே போனால் வெயில் முதுகில் விழும், மலை முழுக்க வெளிச்சமாக எதிரே நிற்கும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். கிழக்கே இருக்கிற ஊர்களுக்கு முன்னாலேயே எங்களுக்கு நிழல் விழுந்துவிடும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றுக்கு எதிரே மிதிப்பது தண்டனைதான். ஆனால் அந்த மாதங்களில் வீடு திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தால் வேறு எங்கும் போகத் தோன்றாது.

மலைமேல் ஏறலாம் என்று யாரும் வரவேண்டாம். அது காடு. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது, 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிவிட்டது. ரோடுகள் எல்லாம் அடிவாரத்தோடு நின்றுவிடும். செண்பகத்தோப்பு, முடங்கியாறு ரோட்டில் அய்யனார் கோவில், இன்னும் தூரம் போக முடிந்தால் வத்திராயிருப்பு தாண்டிப் பிளவக்கல் அணை. மலையைத் தொட்டும் தொடாமலும் அதன் காலடியிலேயே போய் வருவதுதான் இங்கே சைக்கிள் பயணம். எனக்கு அது போதும்.

என் முதல் சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் எனக்கும் ஒன்று வந்தது. ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம், டியூஷன், ரேஷன் கடை என்று ஓட்டினேன். பிளஸ் டூ முடிந்ததும் அந்த சைக்கிளில் அப்பா பால்கேனை மாட்டினார். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, "இனி உனக்கு எதுக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் முடிந்தது, சைக்கிளுக்கான காரணமும் முடிந்தது, அவ்வளவுதான். எங்கள் வட்டாரத்தில் அந்த லேடீஸ் சைக்கிள்களைக் கவனித்துப் பாருங்கள். புல்லுக்கட்டு, பால்கேன், உரமூட்டை என்று பின்னால் ஏற்றிக்கொண்டு பெரும்பாலும் ஆண்கள்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

புதுக்கோட்டைக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராம செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் எனக்குப் பிடித்த ஒரு சின்னத் தகவல் உண்டு. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள், சிலர் அதையே விரும்பியும் கேட்டார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே!

அந்த இயக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு பெண் சைக்கிள் ஓட்டுவதை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு ஒரு உபயோகம் காட்டவேண்டியிருக்கிறது. தண்ணீர் எடுக்கலாம், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டாம். எல்லாம் உண்மைதான். ஆனால் வேலைக்காக மிதித்த அந்தப் பெண்களுக்கும் இறக்கத்தில் கைவிட்டுப் போகிற சந்தோஷம் இருந்திருக்கும் இல்லையா? அதை மட்டும் காரணமாகச் சொல்லிக்கொண்டு ஒருத்தி வீட்டைவிட்டுக் கிளம்ப முடியுமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் செகண்ட்ஹேண்டில் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ராஜபாளையத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், மகள் எட்டாவது படிக்கிறாள். சைக்கிளை வெளியே எடுத்த முதல் வாரத்திலேயே தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"எங்கத்தா போற?"

"சும்மா சித்தி. செண்பகத்தோப்பு வரைக்கும்."

"கோயிலுக்கா?"

"இல்ல, சும்மாதான்."

"ஓ, டாக்டர் எடை குறைக்கச் சொன்னாகளா?"

கோயில், டாக்டர், சர்க்கரை, எடை. இதில் எதைச் சொன்னாலும் சித்தி வழிவிட்டுவிடுவார். "சும்மா" என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. ஆண்கள் திண்ணையில், கண்மாய்க்கரையில், பஸ் ஸ்டாண்டில் சும்மா இருப்பதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

டீக்கடைக்கு வருவோம். சைக்கிளில் இருபது கிலோமீட்டர் போனால் ஒரு டீ வேண்டும். அதற்கு ஈடு கிடையாது. கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு, ஒரு தினத்தந்தி, நாலு ஆண்கள். நான் போய் நின்றதும் டீ மாஸ்டர் மரியாதையாகத்தான் கேட்டார், "பார்சலா?" இல்லை, இங்கேயே என்றேன். உள்ளே மேஜை இருக்கு, அங்கே உட்காருங்கம்மா என்றார். உள்ளே அடுப்பு அனல், மாவு மூட்டை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் முழு மலையும் தெரியும். பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து நின்றுகொண்டார். அது மரியாதையா எதிர்ப்பா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவர் எழுந்துவிட்டதால் பேச்சு நின்றது, பேச்சு நின்றதால் நான் டீயைச் சூடாகவே குடித்து முடித்தேன். ஏழெட்டுத் தடவை போன பிறகு இப்போது யாரும் எழுவதில்லை. "வீட்டுக்காரர் வரலியா?" என்ற கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது.

கழிப்பறை பற்றி ஒரு வரியாவது எழுதாமல் விட முடியாது. ஆண்களுக்கு வழி நெடுக மரம் இருக்கிறது. நான் கிளம்புவதற்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீரை அளந்துதான் குடிப்பேன், மாதவிலக்கு நாட்களில் போவதே இல்லை. ஷாலைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடுவேன், இல்லையென்றால் செயினில் மாட்டும்.

அந்த வழியில்தான் அக்காவைப் பார்த்தேன். ஐம்பது தாண்டியவர். மாந்தோப்பில் கூலி வேலை, மற்ற நாட்களில் நூறு நாள் வேலை. முப்பது வருஷமாக ஆண்கள் ஓட்டும் பழைய சைக்கிளில்தான் போய் வருகிறார், சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு. எந்தத் தோப்பில் நாய் அவிழ்த்து விட்டிருக்கும், எந்தத் தரைப்பாலத்தில் பாசி பிடித்திருக்கும், காய்ப்பு நேரத்தில் யானை எந்தப் பக்கம் இறங்கும் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த ரோடுகளுக்கு யாராவது வழிகாட்டிப் புத்தகம் போட்டால் அவர் பெயரில்தான் போடவேண்டும். யானை பயமில்லையா என்றேன்.

"பயந்தான். விடிஞ்சு வெளிச்சம் வராம அந்தப் பக்கம் போக மாட்டேன். ஆனா ஆனை ஒன்னைய யாரு வீட்டுப் பொம்பளன்னு கேக்காதுல்ல."

அவர் பிறந்தது வேறு ஊர். அங்கே சில தெருக்களுக்குள் அவர் அப்பா சைக்கிளில் ஏறிப் போனதே இல்லையாம். தெருமுனையில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போவார். தென்மாவட்டங்களில் பல கிராமங்களில் இருந்த, ஆய்வுகள் பதிவுசெய்த வழக்கம்தான். அக்கா கல்யாணமாகி வந்து, புருஷனின் சைக்கிளில் கற்றுக்கொண்டபோது மாமியார் திட்டியது பெண் என்பதற்காக மட்டும் அல்ல. "ஏறிப் போய் எவன்கிட்டயாவது அடிவாங்கிட்டு வராத" என்றாராம். "எங்கே போற?" என்று என்னைக் கேட்டவர்கள் யாரும் என்னை இறங்கச் சொன்னதில்லை. நான் எந்தத் தெருக்காரி என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

1963-ல் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியாக சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபியைப் பற்றி அக்காவிடம் ஒருநாள் சொன்னேன். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தபோதே இந்தியாவுக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டார். கிளம்பியபோது வயது 31. நடுவில் பதினாலு வயதில் படிப்பை நிறுத்தி, படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அம்மா இறந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது. பனியிலும் பாலைவனத்திலும் அவர் மிதித்ததை நான் கண்ணை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா நடுவில் நிறுத்தி, "அந்தம்மாவுக்குக் கூடப்பொறந்தது யாரும் இல்லையாக்கும்?" என்றார். இல்லை, ஒரே பிள்ளை. "அதான்" என்று தலையாட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணின் பெயரில்தான் கோயிலே. ஆண்டாள் பாடிய பாட்டுகளில் பெண்கள் விடியுமுன் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள். மார்கழியில் இன்றும் நாலரை மணிக்குத் தெருவில் பெண்களைப் பார்க்கலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கூட்டமாக, கோயிலுக்கு என்றால் இருட்டுகூடப் பாதுகாப்புதான். அந்த மாதத்தில்தான் எனக்கும் அதிகாலையில் சைக்கிளை வெளியே எடுப்பது சுலபமாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

போன மாதம் அக்காவிடம் கேட்டேன், ஆறாவது மைல் அணை வழியாக அய்யனார் கோவில் வரை ரெண்டு பேரும் போய் வரலாமா என்று. வேனில், பொங்கல் வைக்க, குடும்பத்தோடு அவர் அங்கே பல தடவை போயிருக்கிறார். சைக்கிளில் போனதில்லை.

"அங்க என்ன சோலி?"

"சோலி ஒண்ணும் இல்லக்கா. போயிட்டு வருவோம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"ஞாயித்துக்கெழம வேண்டாம். கறி எடுப்பாக, எல்லாப் பேரும் வீட்டுல இருப்பாக. வெள்ளிக்கெழம வீடு கழுவணும். செவ்வா போவோம்."

செவ்வாய்க்கிழமைக்கு அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று போட்டேன்.