ஓட்ரிக்கு எந்த முடிவு?

ஒரே திரைப்படத்திற்கு இரண்டு முடிவுகள் இருந்தால் எதை ஏற்றுக்கொள்வது? 1986இல் வெளிவந்த ‘லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்’ என்ற ஹொலிவூட் படம் தொடர்பாக எனக்கும் என் மகளுக்கும் இடையே இன்னும் தீராத வழக்கு இது. சிரிப்பும் பயங்கரமும் பாட்டும் கலந்த படம்.

நியூயோர்க்கின் வறிய பகுதியொன்றில் ஒரு பூக்கடை. அங்கு வேலை செய்யும் சீமோர் என்ற இளைஞன் ஒரு விசித்திரச் செடியை வளர்க்கிறான். அதன் உணவு மனித இரத்தம். செடி வளர வளர அவனுக்குப் புகழ் சேருகிறது. அதே கடையில் வேலை செய்பவள் ஓட்ரி. அவளது காதலனான பல் வைத்தியன் அவளை அடித்துத் துன்புறுத்துகிறான். கன்றிய கண்ணோடு வேலைக்கு வரும் அவள், தனக்கு இவன்தான் தகும் என நம்புகிறாள். அவள் கனவு காண்பது சிறியதொரு வீட்டை மட்டுமே.

பல் வைத்தியன் விபத்தாக இறக்கும்போது சீமோர் காப்பாற்றாமல் பார்த்து நிற்கிறான். உடலைச் செடிக்கு இரையாக்குகிறான். கடை முதலாளியும் அவ்வாறே இரையாகிறார்.

இயக்குநர் பிராங்க் ஒஸ் முதலில் எடுத்த முடிவில், 1982இல் மேடையேறிய நாடகத்தைப் போலவே, ஓட்ரியும் சீமோரும் செடிக்கு இரையாகின்றனர். செடிகள் நகரங்களையே அழிக்கின்றன. முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் இதனை வெறுத்தார்கள். படத்தைப் பிறருக்குச் சிபாரிசு செய்வோம் என்றவர்கள் நூற்றுக்கு 13 பேரே என இயக்குநர் பின்னாளில் கூறியுள்ளார். எனவே முடிவு மீண்டும் படமாக்கப்பட்டது. சீமோர் செடியை அழித்து ஓட்ரியை மணக்கிறான். அவளுக்கு அந்த வீடும் கிடைக்கிறது. கைவிடப்பட்ட பழைய முடிவு 2012இல் மீளமைக்கப்பட்டு வெளியானது.

மகள் பழைய முடிவின் பக்கம். “அம்மா, ரெண்டு உயிர் போயிருக்கு. அவன் கலியாணம் முடிச்சுச் சந்தோஷமா இருக்கிறதோ?” என்பாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஓட்ரி செய்த குற்றம் என்ன? பழைய முடிவில் அவள் உயிர் பிரியும் வேளையில், தன்னையும் செடிக்குக் கொடுத்து நீ முன்னேறு என்று சீமோரிடம் வேண்டுகிறாள். சாகும்போதும் ஆணின் உயர்வுக்கு உரமாகும் பெண்! இப்படிப்பட்ட தியாகத்தை நாம் எத்தனை கதைகளில் கேட்டுவிட்டோம்!

“அது பிழையெண்டு காட்டத்தானே அப்பிடி எடுத்திருக்கினம். அவள் சாகேக்கை எங்களுக்கு நோக வேணும்” என்பது மகளின் பதில்.

எனக்கு நோகத்தான் செய்கிறது. தையல் பழகிய காலத்தில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் இருந்த அக்காவும் கன்றிய முகத்தோடு வருவார். கதவில் இடித்துவிட்டது என்பார். எல்லாம் என் தலைவிதி என்பார். பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பிய அவர் இன்று தன் தையலிலேயே வாழ்கிறார். ஆகவே, அடிபட்டவளின் கதை சாவில் முடிந்தால்தான் உண்மை என்று எவர் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

நாங்கள் இருவரும் மறந்துவிடும் மூன்றாவது முடிவும் உண்டு. இக்கதையின் மூலம், ரொஜர் கோர்மன் இயக்கிய 1960ஆம் ஆண்டுப் படம். அதன் முடிவில் சீமோர் செடிக்கு இரையாகிறான். ஓட்ரி உயிரோடு இருக்கிறாள். குற்றம் செய்தவனுக்குத் தண்டனை, செய்யாதவளுக்கு வாழ்வு. மகள் கேட்கும் நீதியும் நான் கேட்கும் நீதியும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த ஓட்ரியை அடிக்கும் காதலன் அக்கதையில் இல்லை. அடிபட்ட ஓட்ரி வந்தபின் அவளுக்குக் கிடைத்தவை இரண்டே: ஒன்றில் சாவு, அல்லது கல்யாணம்.

அவள் தனியாகவே அந்தச் சிறிய வீட்டின் கதவைத் திறக்கும் முடிவை இன்னும் எவரும் எடுக்கவில்லை. இதனை மட்டும் மகளும் மறுக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், சகோதரிகளே?