ஒரு வெடியும் பல வள்ளங்களும்

மன்னார்க் கரையில் நிகழ்ந்த முத்துச் சலாபத்தை, 1803இல் வெளியான தம் நூலில் றொபேட் பேர்சிவல் விரித்துரைக்கின்றார். இரவில் அரிப்பிலே பீரங்கி முழங்கியதும் வள்ளங்கள் யாவும் ஒருங்கே புறப்படும். வள்ளமொன்றுக்குச் சுழியோடிகள் பதின்மர். ஐவர் மூழ்க, ஏனைய ஐவர் இளைப்பாறுவர்.

இக்காலக் கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்குவோர் எதிர்நோக்கும் சிக்கலொன்றுக்கும் இம்முறை விளக்கந் தருகின்றது. திரையிற் பல பொத்தான்களை ஒருசேர அசைக்குங்கால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் அமைத்தால் ஒன்று முந்தும், மற்றொன்று பிந்தும், தொடவந்த விரல் தடுமாறும். ஆதலின் அசைவுகள் அனைத்தையும் ஒரே காலக்கணக்கில் பிணித்தல் வேண்டும். அன்ரொயிட்டின் ‘அனிமேற்றர் செற்’ இதன்பொருட்டு அமைந்ததே. ஒன்றன்பின் ஒன்றாய் எழவேண்டிய பொத்தான்களும் அந்த ஒரே தொடக்கத்திலிருந்தே தத்தம் தாமதத்தை அளத்தல் தகும். சுழியோடிகள் முறைமாறி மூழ்கினும், அவர்தம் வள்ளங்கள் யாவும் புறப்பட்டது அந்த ஒரு வெடிக்கே.